பதினோராயிரத்துச் சொச்சமாவது ஆட்டம்

விதி நம்மை வென்றதா, நம் மதி தவறியதா? வாழ்வில் இதைப் பிரித்தறிவது அரிது. ஃப்ரீசெல் என்னும் கணினிச் சீட்டாட்டத்திலோ 52 சீட்டுகளும் தொடக்கத்திலேயே முகங்காட்டிக் கிடக்கின்றன, மறைவு ஏதுமில்லை. தோற்றால், குற்றம் ஆடியவருடையதே எனத் தோன்றும். விண்டோஸ் கணினிகளுக்கு முதலில் வந்த வடிவில் எண்ணிட்ட ஆட்டங்கள் 32,000. 1994-இல் இணையவழிக் கூடிய ஆர்வலர்கள் அவற்றைப் பகிர்ந்துகொண்டு ஆடத் தொடங்கினர். ஒருவர் தீர்க்கவியலாத ஆட்டம் இன்னொருவர் கைக்குச் சென்றது, அங்கே அவிழ்ந்தது. (தம் தோல்வியைப் பிறரிடம் ஒப்படைக்கவும் ஒரு பணிவு வேண்டும்.) இறுதியில் எவர்க்கும் வசப்படாது எஞ்சியது ஒன்றே: 11982-ஆம் ஆட்டம். அதற்குத் தீர்வே இல்லையெனக் கணினி நிரல்களும் பின்னர்க் கண்டன. அந்த ஆட்டம் வாய்த்தவரிடம், "இன்னும் முயன்றிருக்கலாமே" என்றுதானே நாம் சொல்லியிருப்போம்? வறியவரிடமும் தீரா நோயுற்றவரிடமும் அதையே அன்றோ சொல்லிவருகிறோம்?