கடவுளிடம் பெயரில்லாதவர் எவருமில்லை



இன்று நவம்பர் 2, கல்லறைத் திருநாள். நம் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் துயில்கொள்ளும் கல்லறைகளைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, மாலை சாத்தியிருக்கிறோம். நாம் கேட்ட நற்செய்தியில் (யோவான் 6:37-40) தந்தையின் திருவுளம் எதுவென்று ஆண்டவர் சொல்கிறார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களில் எவரையும் இழந்துவிடாமல், இறுதி நாளில் அவர்களை உயிர்த்தெழச் செய்வதே அது. இந்த வாக்குறுதியை மனத்தில் இருத்திக்கொண்டு, பெயர் தெரியாத ஒரு படைவீரரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

முதல் உலகப் போரில் இத்தாலி நாடு சுமார் 6 லட்சம் படைவீரர்களை இழந்தது. பீரங்கிக் குண்டுகளில் சிதைந்த பல்லாயிரம் உடல்கள் யாருடையவை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1921 அக்டோபர் 28 அன்று, அக்குயிலேயா நகரின் பழம்பெரும் பேராலயத்தில் 11 சவப்பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். வெவ்வேறு போர்முனைகளிலிருந்து எடுத்துவரப்பட்ட, அடையாளம் தெரியாத 11 வீரர்கள். அவர்கள் எல்லாருக்கும் அடையாளமாக ரோமில் அடக்கம் செய்ய ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மரியா பெர்காமாஸ் என்ற தாயிடம் கொடுத்தார்கள். அவருடைய மகன் அந்தோனியோ 1916இல் போரில் இறந்தவர். மகனின் உடல் எதுவென்று அந்தத் தாய்க்குத் தெரியாது. பெட்டிகளின் முன்னால் ஒவ்வொன்றாக நடந்துவந்தவர், பத்தாவது பெட்டியைத் தாண்ட முடியாமல் மகனின் பெயரைச் சொல்லிக் கதறிக் கீழே விழுந்தார். அந்தப் பெட்டியையே ரோமுக்கு அனுப்பினார்கள். இரயில் மெதுவாகச் சென்ற வழியெங்கும் மக்கள் முழந்தாளிட்டார்கள். அது ரோம் நகரை அடைந்தது நவம்பர் 2, இதே கல்லறைத் திருநாளில். இரண்டு நாள் கழித்து நாட்டின் நினைவிடத்தில் அடக்கம் நடந்தது. அங்கே இன்றும் வீரர்கள் இரவும் பகலும் காவல் நிற்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவர் அந்தோனியோவா? யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் பிள்ளையின் உடலைக் காணாத ஒவ்வொரு தாயும் ‘என் மகனாக இருக்கலாம்’ என்று அங்கே போய் அழ முடிந்தது. ஒருவருக்கு எழுப்பிய கல்லறை, கல்லறையே கிடைக்காத எல்லாருக்கும் உரியதாயிற்று. பிற்காலத்தில் மரியா பெர்காமாஸ் இறந்த பின், மீதமிருந்த அந்தப் பத்து வீரர்களின் பக்கத்திலேயே அவரை நல்லடக்கம் செய்தார்கள். தம் பிள்ளையின் உடல் எதுவென்று அறியாத அந்தத் தாய், பத்துப் பேருக்கும் தாயானார்.

பெயர் தெரியாத வீரரைப் போற்றும் இந்த எண்ணத்தை இங்கிலாந்தில் விதைத்தவர் ஒரு குருவானவர். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த டேவிட் ரெயில்டன் 1916இல் பிரான்சின் போர்முனையில் ஆன்மீகப் பணியாற்றியபோது, பெயர் எழுதப்படாத ஒரு வீரரின் கல்லறையில் மரச்சிலுவை நட்டிருப்பதைக் கண்டார். அது அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி, 1920 நவம்பர் 11 அன்று பெயர் தெரியாத வீரர் ஒருவர் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், மன்னர்கள் துயிலும் இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மன்னரே முன்நின்று துக்கம் அனுசரித்தார்.

ஒரு நாடு ஏன் இப்படிச் செய்கிறது? படை என்பது பதவியும் பட்டமும் பார்க்கும் இடம். ஆனால் அமெரிக்காவின் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில், பெயர் தெரியாத வீரரின் கல்லறையை 1937 முதல் ஒரு நொடியும் விடாமல் காவல் காக்கும் வீரர்கள், அந்தப் பணியின்போது தங்கள் பதவிச் சின்னங்களை அணிவதில்லை. உள்ளே இருப்பவரின் பதவி என்னவென்று தெரியாது. அவரைவிட உயர்ந்தவராக யாரும் அவர் முன் நிற்கக் கூடாது. பெயரோ பதவியோ பணமோ பாராமல், மனிதர் என்பதற்காகவே ஒருவரை மதிக்கும்போது, அரசுகள் தங்களை அறியாமலே நற்செய்திக்குச் சான்று பகர்கின்றன.

திருவிவிலியத்தில் தோபித்தை நினைத்துப் பாருங்கள். விருந்துக்கு அமர்ந்தவர், தம் இனத்தான் ஒருவன் கொலையுண்டு சந்தைவெளியில் கிடக்கிறான் என்று கேட்டதும், உணவைத் தொடாமல் எழுந்து ஓடினார். கதிரவன் மறைந்ததும் குழிதோண்டிப் புதைத்தார். இதற்காகவே முன்பு சொத்தை இழந்து உயிருக்கு அஞ்சி ஓடியவர் அவர். அண்டைவீட்டார் ஏளனம் செய்தார்கள். இறந்தவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை அவர்.

திருச்சபையும் அப்படித்தான் செய்தது. இன்று குருக்கள் மூன்று திருப்பலி நிறைவேற்றலாம் அல்லவா? அந்த அனுமதியை உலகெங்கும் உள்ள குருக்களுக்கு வழங்கியவர் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட். ஆண்டு 1915, போர் உச்சத்தில் இருந்த காலம். இறந்தோர் எல்லா நாட்டவரும்தான். அவர்கள் எல்லாருக்காகவும் திருச்சபை மன்றாடியது. அதே திருத்தந்தைதான் போரை நிறுத்துங்கள் என்று 1917இல் அரசுகளிடம் மன்றாடினார். வீரரைப் போற்றுவது போரைப் போற்றுவது ஆகாது. இத்தாலியின் ரெதிபூல்யா நினைவிடத்தில் துயிலும் ஒரு லட்சம் வீரர்களில் சுமார் 60,000 பேருக்குப் பெயர் இல்லை. போர் மனிதரை என்ன செய்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அன்பானவர்களே, நாம் பெயரை மறக்கிறோம்; ஆண்டவர் மறப்பதில்லை. தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறக்கப்போவதில்லை என்று எசாயா இறைவாக்கினர் வழியாக அவர் உறுதி தந்திருக்கிறார். அந்த உறுதியை நம்புகிறவர்கள், யாருமற்றவரை யாரோ என்று விட்டுவிடக் கூடாது.

ஆகவே இன்று மாலை கல்லறை மந்திரிப்பு முடிந்ததும், உங்கள் வீட்டாருக்கென்று வாங்கிய மெழுகுதிரிகளில் ஒன்றை மீதம் வையுங்கள். சிலுவை சாய்ந்து, எழுத்து அழிந்து, ஆள் வராத கல்லறை ஒன்றில் அதை ஏற்றி, பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு செபியுங்கள். நம் ஊரில் கேட்பாரற்று ஒருவர் இறந்தால், அவரது அடக்கத்துக்கு முன்வாருங்கள். இறந்தோரை அடக்கம் செய்வது உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்று. அதை அரசின் வேலை என்று ஒதுக்காதீர்கள். அது நம் கடமை. ஆமென்.