கரையில் வாழ்ந்தவரும் கரையை வாங்கியவரும்

நிலம் யாருக்கு உரியது? பட்டாவில் எவர் பெயர் உள்ளதோ அவருக்கே உரியது என்பது சட்டம் தரும் விடை. அறம் தரும் விடையும் அதுதானா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், எம் பள்ளி மாணவர்களைக் கோலக்கெடாவிலிருந்து படகேற்றி லங்காவித் தீவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். பந்தாய் செனாங் கடற்கரையில் நின்றபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “ஐயா, மீன் பிடிக்கிறவங்க வீடெல்லாம் எங்கே?” என்று கேட்டாள். வரிசையாக நின்ற விடுதிகளைப் பார்த்தவாறே, “உள்ளே தள்ளி இருக்கும், அம்மா” என்று சொல்லி நகர்ந்தேன். அது விடையன்று என்பதை அப்போதே உணர்ந்தேன்.

லங்காவி முன்னர் மீன்பிடியாலும் நெல்லாலும் ரப்பராலும் வாழ்ந்த தீவு. 1987இல் அது தீர்வையற்ற தீவாயிற்று. 1990இல் லங்காவி மேம்பாட்டு வாரியம் அமைந்தது. இடையில் 1989இல் காமன்வெல்த் நாட்டுத் தலைவர்கள் அங்குக் கூடிச் சுற்றுச்சூழல் குறித்த லங்காவிப் பிரகடனத்தை வெளியிட்டனர். அதே ஆண்டில் பெல்லா பேர்ட் என்பார் அத்தீவைப் பற்றி எழுதிய நூல், சுற்றுலா யாருக்காக என்னும் வினாவைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. அவ்வினா இன்றும் பழையதாகிவிடவில்லை.

1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் பொதுத் தேவைக்காக நிலத்தை எடுக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் ஒருவர் தம் நிலத்தை விட்டுக்கொடுப்பது நியாயமே. ஆயின் 1991இல் வந்த திருத்தம், நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை என மாநில ஆட்சி கருதினால் தனியார் ஒருவருக்காகவும் நிலத்தை எடுக்கலாம் என்றது. போதிய இழப்பீடின்றி நிலத்தை எடுக்கச் சட்டம் இடந்தரலாகாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆம் விதி கூறுகிறது. ஆகவே, பணம் கைமாறிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நாம் அமைதி கொள்கிறோம்.

கணக்குத் தீர்ந்ததா? மீனவரின் சொத்து வீட்டுமனை மட்டுமன்று. படகை இழுத்தேற்றும் மணல், வலையை உலர்த்தும் மரநிழல், நெத்திலி காயவைக்கும் திறந்தவெளி, அலையின் குறி பார்க்கும் வாசல் ஆகிய யாவும் சேர்ந்ததே அவர் தொழில். இவற்றிற்குப் பட்டா இல்லை. ஆதலால் விலையும் இல்லை. பிறர் நிலத்திலோ அரசு நிலத்திலோ குடியிருந்தவராயின் மனைக்குரிய விலையும் அவர் கைக்கு வாராது. உள்ளே தள்ளி நல்ல கல்வீடு ஒன்று கொடுத்தாலும், கடலைக் காணாத வீட்டில் அவர் மீனவராக வாழ்வது எங்ஙனம்?

அப்படியாயின் சுற்றுலாவே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். அவர்கள் கேள்வியிலும் நியாயம் உண்டு. சாலையும் மின்சாரமும் வேலையும் சுற்றுலாவோடு வந்தவை. பயணிகளை ஏற்றிச் செல்லும் படகோட்டி, வலை வீசியவரைவிட மிகுதியாகச் சம்பாதிக்கக்கூடும். தம் மகன் கடலுக்குப் போகாமல் விடுதியில் மாதச் சம்பளம் வாங்குவதை விரும்பும் தந்தையரும் உளர். அதைக் குறை கூற நாம் யார்? ஆனால், தாமே விரும்பித் தொழில் மாறுவது வேறு. காலூன்ற இடமின்றி மாறுவது வேறு.

இயற்கைச் சீற்றத்தின்போதும் இவ்வேறுபாடு வெளிப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை நம் கெடாவின் கோலமூடாவையும் தாக்கியது. இலங்கையில் அதன்பின், கரையிலிருந்து 100 மீட்டர் வரையிலும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரையிலும் வீடு கட்டத் தடை விதித்தனர். ஆனால், சேதம் குறைந்த சுற்றுலா விடுதிகளைப் பழுதுபார்த்து நடத்த வழிவிட்டனர். அத்தடை பின்னர் தளர்த்தப்பட்டது. எனினும், மீனவருக்கு ஆபத்தான கரை விருந்தினருக்கு மட்டும் ஆபத்தற்றதாகுமா என்று அங்கே எழுந்த கேள்வி மறக்கத்தக்கதன்று.

இதை எழுதும் நான் சுங்கைப் பட்டாணி அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அந்த லயமும் கோயிலும் பந்து விளையாடிய திடலும் இன்று இல்லை. வீடமைப்புப் பகுதி எழுந்துள்ளது. மூன்று தலைமுறை பால் மரம் வெட்டிய குடும்பத்திற்கு அங்கே ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் செலுத்திய சிறு சிறு பங்குத் தொகையால் அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். உழைத்தவருக்கு உழைத்த மண்ணில் பங்கு உண்டு என்னும் அறத்தை நம் பெற்றோர் தம் வியர்வைக் காசால் எழுதிக் காட்டினர்.

அந்த அறம் நமக்கு மட்டும் உரியதாகுமா? லங்காவி மீனவர் பேசும் மொழி வேறு, வணங்கும் முறை வேறு. எனினும், நம்மை லயத்திலிருந்து வெளியேற்றிய நியாயமே அவரையும் கரையிலிருந்து வெளியேற்றுகிறது. நம் துயரை மட்டும் நினைந்து அவர் துயரைக் காணாது நிற்போமாயின், நாம் பட்ட துயரிலிருந்து ஒன்றும் கற்கவில்லை என்றே பொருள். திட்டம் தீட்டும் முன்னரே கரையில் வாழ்வோரின் சொல்லைக் கேட்பதும், எழும் விடுதியில் அவர்க்குக் கூலியோடு பங்கும் அளிப்பதும், படகேறும் மணலைப் பொதுவில் விட்டுவைப்பதும் நடவாத செயல்களல்ல.

அம்மாணவிக்கு நான் இன்னும் விடை கடன்பட்டிருக்கிறேன். அடுத்த முறை மாணவர்களோடு அக்கரைக்குச் செல்லும்போது, விடுதிகளைக் காட்டுமுன் மீனவர் இறங்குதுறைக்கு அழைத்துச் சென்று, அவர் வாயாலேயே அவர் கதையைக் கேட்கச் செய்வேன்.