தோல்வியும் உபேக்கையும்: ஆட்டக்களத்தின் அறம் குறித்து

கல்லூரிக் கால்பந்து அணி ஒன்று தோற்கும்போது அந்தத் தோல்வி யாருக்கு உரியது என்னும் வினா விளையாட்டைப் பற்றியதாகத் தோன்றினாலும், அடிப்படையில் அது அறத்தையும் சமயத்தையும் சார்ந்த வினாவாகும். ஆடியவன் தன் உழைப்பு பயனற்றுப் போனதை எண்ணி வருந்துகிறான். பார்த்தவனோ தான் ஓடாத ஓட்டத்துக்கும் தான் உதைக்காத பந்துக்கும் தன்னையே வென்றவனாகவோ தோற்றவனாகவோ கருதிக்கொள்கிறான். இவ்விருவரின் துயரமும் ஒரே தன்மையுடையதா, இவ்விருவரிடமும் ஒரே ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியுமா, தோல்வியைத் தாங்குதல் என்பது உணர்ச்சியை அடக்குவதா அல்லது அதனினும் மேலான ஒன்றா என்பவை ஆராயத்தக்கவை.

இவ்வினாக்களை எழுப்புவதற்குக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் மிகப் பொருத்தமான நிலம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பான்மையினர் ஒடுக்கப்பட்ட சாதியினர், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊரிகாம், நந்திதுர்கம் ஆகிய சுரங்கங்களைச் சுற்றி லைன் வீடுகளில் வாழ்ந்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறும் பாறை வெடிப்புக்கு அஞ்சியபடி உழைத்தவர்கள், மேலே வந்ததும் மைதானங்களில் ஹாக்கியும் கால்பந்தும் ஆடினர். 1956-இல் அரசுடைமையாகி, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக உருப்பெற்ற அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அத்தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வேலைக்கும் படிப்புக்கும் நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர். ஆட்டத்தில் தோற்பதற்கும் வாழ்வில் இழப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வூர் மக்களுக்கு நூல்கள் கற்பிக்க வேண்டியதில்லை.

தங்கவயலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அயோத்திதாச பண்டிதர் 1898-இல் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம், தென்னிந்தியாவில் வேரூன்றிய இடங்களுள் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் முதன்மையானவை. பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழ், அவர் மறைவுக்குப் பின் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியத்துவத்தில் ‘தமிழன்’ என்னும் பெயருடன் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் மாலை வேளைகளில் தம்மத்தைக் கற்று விவாதித்த ஊர் இது. ஆகவே தோல்வியைப் பற்றிய பௌத்தச் சிந்தனையைத் தங்கவயலோடு சேர்த்து எண்ணுவது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும் முயற்சியாகாது; அம்மண்ணில் ஏற்கெனவே பேசப்பட்ட ஒன்றை மீண்டும் எடுத்துப் பேசுவதேயாகும்.

பௌத்த நூல்கள் உலகியல்பு எட்டு எனக் கூறுகின்றன: இலாபம், நட்டம், புகழ், புகழின்மை, பாராட்டு, பழி, இன்பம், துன்பம் என்பவை அவை. இவற்றை அட்டலோக தம்மம் என்பர். அங்குத்தர நிகாயம் இவற்றைப் பற்றிச் சொல்லும்போது, கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் இவ்வெட்டும் ஒரே வகையில்தான் நேர்கின்றன என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறது. வேறுபாடு நிகழ்ச்சியில் இல்லை. நேர்ந்தது நிலையற்றது என்பதை ஒருவன் அறிந்து நிற்கிறானா, அதனால் முழுவதும் ஆட்கொள்ளப்படுகிறானா என்பதில்தான் இருக்கிறது. சம்யுத்த நிகாயத்தில் இதற்கு ஒரு வரலாறும் தரப்படுகிறது. மகத மன்னன் அஜாதசத்துருவிடம் போரில் தோற்றுத் தலைநகர் திரும்பிய கோசல மன்னன் பசேனதியைப் பற்றிப் பிக்குகள் தெரிவித்தபோது, வென்றவன் பகையை ஈட்டிக்கொள்கிறான், தோற்றவன் துயரை ஈட்டிக்கொள்கிறான், இரண்டையும் விட்டவனே அமைதியில் வாழ்கிறான் என்னும் பொருள்படப் புத்தர் கூறினார். பிறகு அதே பசேனதி வென்று, எதிரியைச் சிறைப்பிடித்து, அவனுடைய படையைப் பறித்துக்கொண்டு உயிரோடு விடுவித்த செய்தியும் அங்கேயே இடம்பெறுகிறது. தோற்றவனும் வென்றவனும் ஒருவனே என்பதால், தோல்வி ஓர் ஆளின் அடையாளம் ஆகாது, அவன் கடந்து செல்லும் ஒரு நிலையே என்பது அவ்வரலாற்றின் அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது.

இக்கருத்தை முதலில் ஆட்டக்காரனுக்குப் பொருத்திப் பார்க்கலாம். அவனுக்கு உரியவை மூன்று: பயிற்சி, ஆட்டத்தின்போது செலுத்தும் கவனம், தோழர்களிடத்தும் எதிரணியினரிடத்தும் காட்டும் நடத்தை. ஆட்ட முடிவோ எதிரணியின் திறம், நடுவரின் பார்வை, தரையின் ஈரம், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பும் கோணம் எனப் பல காரணங்களின் கூட்டு விளைவு. காரணங்கள் பலவாகக் கூடியே ஒன்று தோன்றுகிறது என்பது பௌத்தத்தின் அடிப்படைக் கோட்பாடு. இதனைச் சார்பிற்றோற்றம் என்பர். இதை உணர்ந்தவன் தோல்வி முழுவதையும் தன் தலையில் சுமத்திக்கொள்ளவும் மாட்டான், கோல் கீப்பரின் தலையிலோ நடுவரின் தலையிலோ சுமத்தவும் மாட்டான். கூட்டு விளைவில் தன் பங்கு எது என்பதை மட்டும் பிரித்தெடுத்து அடுத்த நாள் பயிற்சியில் அதைத் திருத்துவான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கறுப்பின மாணவர்களுக்கென வரலாற்றில் தோன்றிய பிரேரி வியூ பல்கலைக்கழகத்தின் அணி, அந்நாட்டு வகைக் கால்பந்தில் 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 ஆட்டங்களில் தோற்றது. அக்காலத்தில் சேர்ந்து, ஒரு வெற்றியையும் காணாமல் படிப்பை முடித்து வெளியேறிய மாணவர்கள் அவ்வணியில் இருந்தனர். வெற்றி மட்டுமே ஆடுவதற்குக் காரணமானால் அவர்கள் மைதானத்துக்கு வந்ததை விளக்கவே முடியாது. ஆடுவதில் முடிவைச் சாராத ஒரு நன்மை இருக்கிறது என்பதற்கு அவர்களின் வருகையே சான்று.

ரசிகனின் நிலை இதனினும் சிக்கலானது. 1976-இல் ராபர்ட் சியால்டினியும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏழில் கால்பந்து ஆட்டத்தை அடுத்த திங்கட்கிழமைகளில் மாணவர்கள் என்ன உடுத்தி வந்தனர் என்பதைக் கவனித்தது. அணி வென்ற வாரங்களில் பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ பொறித்த ஆடைகள் மிகுந்தன. ஆட்டத்தை விவரிக்கச் சொன்னபோது, வெற்றியைச் சொன்னவர்கள் அணியைத் தம்மோடு சேர்த்துப் பேசினர். தோல்வியைச் சொன்னவர்களோ அணியை விலக்கிப் பேசும் போக்கைக் காட்டினர். இன்னொருவர் ஈட்டிய புகழில் குளிர்காயும் இந்நிலையைப் பௌத்த உளவியல் மானம் என்னும் தளையின்கீழ் வைக்கும். அங்கே அச்சொல் தன்மதிப்பைக் குறிப்பதில்லை. நான் உயர்ந்தவன், நான் சமமானவன், நான் தாழ்ந்தவன் என ஓயாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் மனப்பழக்கத்தைக் குறிக்கிறது. ரசிகன் அணியை நேசிப்பதாக எண்ணிக்கொண்டு, பல வேளைகளில் அணியின் வழியாகத் தன்னையே உயர்த்திக்கொள்கிறான். அதனால்தான் தோல்வி அவனைத் தாழ்த்திவிட்டதாகத் தோன்றி, நேற்று வரை போற்றிய ஆட்டக்காரனையே இன்று வசைபாட வைக்கிறது. ஆட்டக்காரனுக்குத் துயரைச் செலவிட அடுத்த பயிற்சி இருக்கிறது. ரசிகனுக்குச் செய்ய ஒரு செயலும் இல்லாததால் அத்துயர் சினமாகத் திரிகிறது.

இத்திரிபு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கொல்கத்தா கசப்பான சான்றுகளைத் தருகிறது. 1975-இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் ஈஸ்ட் பெங்காலிடம் 5–0 எனத் தோற்றபின், தோல்வியைத் தாங்கமாட்டாத ஒரு ரசிகர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்ட் 16 அன்று அதே இரு அணிகள் ஈடன் கார்டனில் மோதியபோது ரசிகர்களிடையே எழுந்த கலவரத்தில் 16 பேர் இறந்தனர். ஓர் அணியின்மேல் வைத்த பற்று, தன் உயிரையும் பிறர் உயிரையும் விடப் பெரிதாகிவிட்ட நிலை இது.

தமிழ் மரபு தோற்றவனுக்குத் தரும் மதிப்பை இவ்விடத்தில் கவனமாக எடைபோட வேண்டும். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், தன் முதுகில் ஏற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். அதாவது, வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் துறக்கும் நோன்பை மேற்கொண்டான். புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் என்னும் புலவர், வென்ற கரிகாலனையே நோக்கி, அவ்வாறு வடக்கிருந்த சேரனே அவனினும் நல்லவன் எனக் கூறுகிறார். வெற்றியின் அளவையையும் மேன்மையின் அளவையையும் வெவ்வேறாகப் பிரித்த அத்துணிவு தமிழ்ச் சிந்தனையின் பெரும்பேறு. ஆயினும் அங்கே தோற்றவனின் மேன்மைக்கு விலையாக அவன் உயிர் தேவைப்படுகிறது. இக்கால விளையாட்டு வெண்ணிக்குயத்தியாரின் அளவையை ஏற்கலாம், சேரனின் முடிவை ஏற்கலாகாது. தோற்றவன் மேன்மையோடு வாழ வேண்டும், அடுத்த வாரம் மீண்டும் ஆட வர வேண்டும். அதற்கு நாணத்தை விட உறுதியான அடித்தளம் தேவை.

அவ்வடித்தளம் உபேக்கை ஆகும். அன்பு, இரக்கம், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், உபேக்கை ஆகிய நான்கும் பௌத்தம் வளர்க்கச் சொல்லும் உயர்ந்த மனநிலைகள். நான்காவதான உபேக்கை, நடுநிலையில் நின்று நடப்பதை நடப்பவாறே காணும் ஆற்றல். புத்தகோசர் தம் விசுத்திமக்கத்தில், அறியாமையால் விளையும் அக்கறையின்மை உபேக்கையைப் போலவே தோற்றம் தந்து ஏமாற்றுவதால், அதுவே உபேக்கைக்கு அருகிலுள்ள பகை என எச்சரிக்கிறார். தோல்வி தன்னை ஒன்றும் செய்யவில்லை எனத் தோளைக் குலுக்கிச் செல்பவனிடம் உபேக்கை இல்லை. அவன் ஆட்டத்தை நேசிக்கவும் இல்லை. வலியை முழுதாக உணர்ந்தும் அதை யார்மீதும் எறியாமல் நிற்பவனிடமே அது இருக்கிறது. மேலும், உபேக்கை மற்ற மூன்றோடும் சேர்ந்தே நிற்பது ஆதலால், எதிரணியின் மகிழ்ச்சியில் மகிழ முடிந்தவனுக்கே அது கைகூடும். பிறர் மகிழ்ச்சியில் மகிழும் அம்மனநிலைக்கு முதிதை என்று பெயர்.

கிரிக்கெட் ஆயினும், சென்னைச் சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 31 அன்று நிகழ்ந்தது முதிதைக்குத் தக்க சான்று. சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களில் பாகிஸ்தானிடம் தோற்றது. வெற்றி அவ்வளவு அருகில் வந்து நழுவிய நிலையிலும், திரண்டிருந்த ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றனர். இதற்கு மாறாக, 1996 மார்ச் 13 அன்று ஈடன் கார்டனில் உலகக்கோப்பை அரையிறுதியில் இந்தியா தோல்வியை நெருங்கியபோது, பார்வையாளர்கள் பாட்டில்களை வீசித் தீவைத்ததால் ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி அளிக்கப்பட்டது. சேப்பாக்கத்து ரசிகர்களுக்கு வலி குறைவு என்று எவரும் கூற முடியாது. அவர்கள் தங்கள் அணியை நேசித்ததோடு ஆட்டத்தையும் நேசித்தனர். ஆட்டம் அன்று தோற்கவில்லை என்பதைக் கண்டனர்.

இங்கு வலுவான மறுப்பு ஒன்று எழும். தோல்வியை அமைதியாக ஏற்கச் சொல்வது, காலங்காலமாக ஒடுக்கப்பட்டோரிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன அதே குரல் அல்லவா? தங்கவயலில் இக்கேள்வியைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. ஆனால் விடையும் தங்கவயலிலேயே இருக்கிறது. தம்மத்தைக் கற்ற அம்மக்கள் சாதி இழிவை ஊழ்வினை என்று ஏற்க மறுத்தனர். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதே அவர்கள் பௌத்தத்தைத் தழுவியதற்குக் காரணம். 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்துத் தங்கவயலில் வேலைநிறுத்தம் நடந்தது. உபேக்கையைக் கற்பித்த ஊரும் அநீதியை எதிர்த்த ஊரும் ஒன்றே. இரண்டும் முரண்படாமைக்குக் காரணம் உண்டு: ஆட்டத்தின் தோல்வி, இரு தரப்பும் விரும்பி ஏற்ற விதிகளுக்குள் நேர்வது, அநீதியோ, ஒரு தரப்பின் இசைவே இல்லாமல் சுமத்தப்படுவது. முன்னதை ஏற்பது அறம், பின்னதை எதிர்ப்பது அறம்.

இடைப்பட்ட நிலையும் உண்டு. விதிகளுக்குள்ளேயே நடுவர் தவறிழைத்ததாக ஓர் அணி நம்பும் தருணம் அது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், கூடுதல் நேரத்தில் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக் கோலாக ஏற்கப்பட்டதை எதிர்த்து, கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ஆட்டத்தை முடிக்காமல் வெளியேறியது; பின்னர் அவ்வணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. முறையீடு செய்வதற்கு வழிகள் இருக்க, ஆட்டத்தையே கைவிடுவது, நடுவரின் தீர்ப்பை ஏற்போம் என்று தொடக்கத்தில் அளித்த இசைவைத் தனக்குப் பாதகமானபோது திரும்பப் பெறுவதாகும். விசில் ஊதும் வரை ஆடி, பிறகு முறைப்படி வாதாடுவதே அவ்விசைவைக் காக்கும் வழி.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகும்: தோல்வி, அதில் தம் பங்கை ஒப்புக்கொள்பவர்களுக்கே உரியது. ஆட்டக்காரன் தன் பிழையின் அளவுக்கு அதை ஏற்கிறான். ரசிகன் இறுதி விசில் வரை இருக்கையில் இருந்து, தோற்றவர்களை இகழாமலும் வென்றவர்களைப் பாராட்டியும் அதை ஏற்கிறான். தங்கவயலின் கல்லூரிகளில் கால்பந்து பயிற்றுவிப்போர், பந்தைக் கடத்துவதைக் கற்பிக்கும் அதே பொறுப்போடு, தோற்ற மாலையில் எதிரணியின் கையைப் பற்றிக் குலுக்குவதையும், பிழை செய்த தோழனின் பக்கத்தில் நடந்து வருவதையும் கற்பிக்க வேண்டும். வாழ்வில் எது ஏற்கத்தக்க இழப்பு, எது எதிர்க்கத்தக்க அநீதி எனப் பிரித்தறியும் பயிற்சி இளைஞர்களுக்குத் தேவை. அதில் முதற்பாதியை அதிக இழப்பின்றிக் கற்றுக்கொள்ள மைதானத்தை விடப் பொருத்தமான பள்ளி வேறில்லை.