யாருடைய கணக்கு?

2025 மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணி தொடக்கம் ஐந்து நிமிட நேரம் இலங்கை மக்கள் தத்தம் வளவிலும் வயலிலும் நின்று விலங்குகளை எண்ணினார்கள். குரங்கு, மந்தி, மலையணில், மயில் ஆகியவற்றை எண்ணித் தருமாறு அரசு கேட்டிருந்தது. சிங்கள மக்கள் 'ரிலவா' என்றழைக்கும் குரங்குகள் மட்டும் 51 இலட்சத்துக்கும் அதிகம் எனப் பின்னர் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கெடுப்பு முறையைப் பற்றி ஐயம் எழுப்பியவர் பலர். எண் சரியென்றே கொள்வோம். 'மிகுதி' என்று தீர்ப்புச் சொல்ல எண் மட்டும் போதுமா? யாருக்கு மிகுதி? அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது?

மாத்தளை மாவட்டத்தில் இது வெறும் தத்துவ விசாரமன்று. முற்றுவதற்கு முன்பே பறித்தெறியப்பட்ட குரும்பைகளைத் தென்னையடியில் பொறுக்கும் கமக்காரனுக்கு இது சோற்றுப் பிரச்சினை. ஆயினும் அதே குரங்கு இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. அழியும் ஆபத்திலுள்ள இனமெனச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருப்பது. இரண்டு உண்மைகளில் எதையும் நாம் மறுக்க முடியாது.

வேட்டையின் வரலாற்றைப் பார்த்தால், அது என்றுமே மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே மட்டும் நிகழ்ந்த விவகாரமன்று என்பது புலனாகும். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கொன்றதைப் பெருமையோடு நூலாக எழுதினார். அவருக்கு அது விளையாட்டு. அதே காலத்தில், 1848இல், ஆள்பதி டொரிங்டனின் ஆட்சி துவக்குக்கு ஆண்டுதோறும் இரண்டரை ஷில்லிங் வரி விதித்தது. நாய்க்கும் வரி விதித்தது. சேனைப் பரணில் இரவெல்லாம் விழித்திருந்து பன்றியையும் யானையையும் விரட்டும் குடியானவனுக்குத் துவக்கும் நாயும் விளையாட்டுப் பொருள்களா? மண்வெட்டியைப் போல அவையும் உழவுக் கருவிகளே. அவ்வாண்டு யூலையில் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரிகளும் காரணமாயின. புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளை அரசுடைமையாக்கியது. அவை கோப்பிப் பயிருக்காக மலிவு விலைக்கு விற்கப்பட்டன. அக்காட்டை வெட்டி வெளியாக்கத் தமிழகத்திலிருந்து வந்த ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக மலையேறினர். வழியிலேயே மாண்டவர் பலர். காட்டை அழித்த இலாபம் ஒருவருக்கு. காடிழந்த விலங்கோடு போராடும் சுமை இன்னொருவருக்கு. இந்தப் பங்கீட்டை நாம் மறந்துவிட்டுக் குரங்கின் குணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

இன்று முன்வைக்கப்படும் தீர்வுகள் எவை? 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தது. விலங்கு நலன் பேணுவோர் எதிர்த்து நீதிமன்றம் சென்றபின் கைவிடப்பட்டது. பின்னர் மாத்தளை மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகக் கருத்தடைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. "சுட்டுத் தள்ளுங்கள்" என்பார் சிலர்; "உயிர்க்கொலை பாவம்" என்பார் வேறு சிலர்.

பாவமென்போரின் கருணையை நான் இகழவில்லை. ஆனால், அந்தக் கருணைக்கான விலையைச் செலுத்துபவர் யார்? கொழும்பில் உண்பவரின் கருணைக்கு மாத்தளைக் கமக்காரன் தன் விளைச்சலால் வரி கட்டுகிறான். சுடச் சொல்வோரோ இயற்கையின் விதியை நோக்குவதில்லை. பொலன்னறுவைக் காட்டில் 1968 முதல் இக்குரங்குகளை ஆராய்ந்தவர்கள், பிறக்கும் குட்டிகளிற் பெரும்பாலானவை பருவமடையுமுன் இறப்பதைக் கண்டனர். கிடைக்கும் உணவே தொகைக்கு எல்லை. குப்பைமேடும் வழிபாட்டிடத்தில் வீசும் பழமும் அந்த எல்லையை உயர்த்திக்கொண்டிருக்கும்வரை, கொன்ற இடம் மீண்டும் நிரம்பும். கருத்தடையும் ஆண்டுக்காண்டு போதிய பெண் குரங்குகளை எட்டாவிடின் பயன்தராது.

சுவீடனில் மூஸ் என்னும் பெருமானை ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் வேட்டையாடுகின்றனர். அங்கே 1789இல் நிலமுடைய குடியானவனுக்கும் வேட்டையுரிமை கிடைத்தது. கட்டற்ற வேட்டையால் அவ்விலங்கு அருகிப்போன காலமும் வந்தது. அதன்பின் கட்டுப்பாடு வந்தது. இன்று எத்தனை விலங்குகளைக் கொல்லலாமென்பதை நிலவுடைமையாளரும் வேட்டைக்காரரும் அரசும் கூடித் திட்டமிடுகின்றனர். இளமரங்களை விலங்கு தின்பதால் இழப்பவனுக்கும் அங்கு பேச இடமுண்டு. அந்தக் கொலைமுறையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. இழப்பவனும் தீர்மானிப்பான் என்ற நெறி கவனத்துக்குரியது.

ஆனால் அந்நெறியிலும் ஒரு குறையுண்டு: நிலமற்றவன் அதில் எங்கே? நம் மலையகத்தில் லயத்தின் பின்னே நாலு பாத்தி மரக்கறி போட்டிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அந்த மண் சொந்தமன்று. இழப்பை மெய்ப்பிக்க அவனிடம் உறுதி இல்லை, துவக்கும் இல்லை. மலையகத்தில் பன்றிக்கென வைக்கப்படும் கம்பிச் சுருக்கில் சிறுத்தைகள் சிக்குகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தபோது நாடே இரங்கியது. இரங்கியது நியாயமே. ஆனால் அத்தகைய சுருக்கு ஏன் வைக்கப்படுகிறது என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஆகவே என் முடிவு இது. விலங்கின் தொகையைக் கட்டுப்படுத்துவது தன்னளவில் பாவமுமன்று, புண்ணியமுமன்று. அதன் நீதி, இழப்பைச் சுமப்பவர் தீர்மானத்திற் பங்குபெறுவதிலும், பொதுச்சொத்தான காட்டுயிரைக் காக்கும் செலவைப் பொதுமக்கள் அனைவரும் ஏற்பதிலும் இருக்கிறது. இழந்த குரும்பைக்கும் பாத்திக்கும், காணியுறுதி உண்டா இல்லையா என்று பாராமல், ஈடு கொடுக்கட்டும். குப்பைமேடுகளை அரசு ஒழுங்குசெய்யட்டும். இவற்றைச் செய்தபின்னரும் கொல்வதா விடுவதா என்ற கேள்வி எஞ்சுமாயின், மாத்தளைக் கமக்காரனும் லயத்துத் தொழிலாளியும் அறிவியலாளரும் ஒரே சபையில் அமர்ந்து விடைகாணட்டும். அடுத்த முறை விலங்குகளை எண்ணப் புறப்படுவோர், பசித்த வீடுகளையும் சேர்த்தே எண்ணிவரட்டும்.