உறைக்குத் திரும்பும் ஆயுதம்

ஆயுதம் எடுக்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்னும் வினாவை நம் தர்மசாஸ்திரக்காரர்களும் வேதாந்திகளும் வேண்டிய மட்டும் ஆராய்ந்திருக்கிறார்கள். காண்டீபம் கைநழுவத் தேர்த்தட்டில் அமர்ந்துவிட்ட அர்ஜுனனுக்குக் கண்ணன் உபதேசித்த 18 அத்தியாயங்களும் ஒருவகையில் அந்த வினாவைச் சுற்றி எழுந்தவையே. எடுத்ததைத் திரும்ப வைப்பதற்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்பவரோ அரியர். எடுத்த கைக்கு வைக்கத் தெரியாதா என்று இருந்துவிடுகிறோம். தெரியாது என்பதுதான் மகாபாரதத்தின் சௌப்திக பர்வம் சொல்லும் விடை. இதிகாசம் எதுவும் படித்தறியாத துப்பாக்கிப் பயிற்சியாளர்களும் அதே விடையைத்தான் தங்கள் தொழிலனுபவத்தால் கண்டு சொல்கிறார்கள்.

கைத்துப்பாக்கியை இடுப்பு உறைக்குத் திருப்பும் கணத்தை அவர்கள் தனிக் கவலையோடு கற்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சட்டையின் ஓரமோ, மேலங்கியின் நாடா நுனியோ, நாட்பட்டுத் தொய்ந்த தோலுறையின் வாயோ, இன்னும் விலகாத விரலோ விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் அகப்பட்டுக்கொண்டால், துப்பாக்கியைக் கீழே அழுத்துகின்ற அந்த அழுத்தமே விசையை இழுத்துவிட, குண்டு உடையவனின் தொடையிலேயே பாய்கிறது. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டு, பிறகு பல தேசங்களின் காவலர் இடுப்பில் குடியேறிய கிளாக் துப்பாக்கியில், கையால் பூட்டி வைக்கும் காப்பு வழக்கமாகக் கிடையாது. அதனுள் அமைந்த காப்புகள் விசை முழுதும் அழுத்தப்பட்டால் விலகிக்கொடுப்பவை. அழுத்தியது விரலா, துணி மடிப்பா என்ற பேதம் அதற்கு இல்லை. ஆகவே விரலைத் துப்பாக்கியின் பக்கத்தில் நீட்டி வைத்துக்கொள், மற்றொரு கையால் சட்டையை விலக்கு, உறையின் வாயைக் கண்ணால் பார், சிறிது தடை தட்டுப்பட்டாலும் அழுத்தாமல் வெளியே எடுத்துவிடு என்று படிப்படியாகச் சொல்லித் தருகிறார்கள். சுத்தியல் வெளியே தெரியும் துப்பாக்கியானால் கட்டைவிரலை அதன்மேல் வைத்தபடி இறக்கச் சொல்வதும் உண்டு. உள்ளே ஏதேனும் விசையை இழுக்குமானால், சுத்தியல் எழும்பத் தொடங்குவது விரலுக்குத் தெரிந்துவிடும்.

உருவும்போது இல்லாத இவ்வளவு நியமம் வைக்கும்போது ஏன்? உருவுகிறவனுக்கு எதிரில் ஒருவன் நிற்கிறான். அச்சமே மனத்தை ஏகாக்கிரமாக்கிவிடுகிறது. வைக்கிறவனுக்கோ எதிரி இல்லை. காரியம் முடிந்தது என்று மனம் முன்னதாகவே வீடு போய்ச் சேர்ந்துவிட, கை மட்டும் ஆயுதத்தோடு பின்தங்கி நிற்கிறது. எதிரியிடம் கடனாகப் பெற்ற சிரத்தை எதிரியோடு போய்விடும். வால்மீகியின் பாலகாண்டத்தில், விசுவாமித்திரர் அஸ்திரங்களை அருளியவுடன், அவற்றை மீட்கும் வழியையும் இராமன் தானாகவே கேட்டுப் பெறுகிறான். யௌவனத்தில் அடிவைக்கும் பிள்ளைக்கு அது தோன்றியது பெரிய காரியம்.

சௌப்திக பர்வத்துக்கு வருவோம். உறங்கியவர்களைக் கொன்றுவிட்டுக் கங்கைக் கரையில் வியாசர் அருகே ஒதுங்கியிருந்த அசுவத்தாமன், வீமன் துரத்தி வருவதைக் கண்டு நடுங்கி, ஒரு புல்லை எடுத்து அதில் பிரமசிரஸ் என்னும் அஸ்திரத்தை ஆவாகனம் செய்து பாண்டவர் அழிக என்று விடுக்கிறான். பெற்ற தகப்பனாகிய துரோணரே மனிதர்மேல் விடலாகாது என்று எச்சரித்து, அரைமனத்தோடு உபதேசித்த அஸ்திரம் அது. கண்ணன் ஏவ, அர்ஜுனனும் அதனையே எடுக்கிறான். ஆனால் முதலில் ஆசாரியரின் மகனுக்கு நலம் வேண்டுகிறான். அதன் பிறகே தனக்கும் தன் சகோதரருக்கும். தேவர்களையும் குருமாரையும் வணங்கி, அஸ்திரத்தால் அஸ்திரம் அடங்குக என்று சொல்லி விடுக்கிறான். நாரதரும் வியாசரும் இரண்டு தீக்கும் நடுவே வந்து நின்றபோது, அர்ஜுனனால் தன்னுடையதை மீட்க முடிந்தது, அசுவத்தாமனால் முடியவில்லை. பிரமசரிய விரதம் காவாதவன் விடுத்ததை மீட்க முயன்றால், அது அவன் தலையையே சுற்றத்தோடு கொய்துவிடும் என்று அங்கே விதி கூறப்படுகிறது. தொடையில் பாய்ந்த குண்டும் அந்த விதிக்கு உட்பட்டதே என்று எனக்குத் தோன்றுகிறது.

விரதபலம் என்று இதற்குச் சமாதானம் சொல்வது வழக்கம். மறுக்கவில்லை, ஆயினும் அந்த விரதம் வெளிப்பட்ட இடம், மீட்ட கணத்தைக் காட்டிலும் விடுத்த கணம் என்பேன். பகைவனுக்கும் நலம் வேண்டி விடுத்தவனிடம் ஆயுதத்தின்மேல் ஆட்சி இருந்தது. வீமனுக்கு அஞ்சி விடுத்தவனிடம் அச்சந்தான் இருந்தது. அதைத் திருப்பி அழைக்க இயலாதவன், பாண்டவ மாதரின் கருப்பையை நோக்கித் திருப்பிவிட மட்டும் தெரிந்துவைத்திருந்தான் என்பதை நினைக்கும்போது, அவனுடைய இயலாமைக்கு இரங்கச் சொல்கிறவர்களோடு என்னால் உடன்பட முடிவதில்லை.

ஆனால் ஒரு சங்கடம் எஞ்சுகிறது. அபாயம் நீங்கிற்றா என்று சுற்றிலும் பார்த்த பிறகே துப்பாக்கியை உறையில் இடு என்பது பயிற்சி விதி. அர்ஜுனனோ எதிர் அஸ்திரம் எரிந்துகொண்டிருக்கும்போதே தன்னுடையதை மீட்டான். நான் மீட்டால் இவனுடைய அஸ்திரம் எங்களை எரித்துவிடும், நலத்துக்கு வழி காண்பது உங்கள் பொறுப்பு என்று ரிஷிகளிடம் சொல்லிவிட்டே மீட்டான். வியாசர் அவனைப் புகழ்கிறார். ஆனால் அந்த மீட்பினால் யாருக்கும் கேடு விளையவில்லை என்று அவர் கதையை முடித்துக்கொள்ளவில்லை. உத்தரையின் குழந்தை இறந்தே பிறந்தது. கண்ணன் உயிர்ப்பித்த அந்தப் பரீட்சித்து 60 ஆண்டு அரசாள்வான் என்பது வரம். அவ்வாறு உயிர்ப்பிக்க ஒரு கண்ணன் அருகில் இல்லாத காவலன், எப்போது உறையில் இடுவது என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.