வகுப்பறைக்குள் நுழைந்த ஜாஹிலிய்யா

  

  பின் ஸஃப்பில் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே! இன்றைய பேச்சு பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

போன வாரம் மஃரிபுக்குப் பிறகு, ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை என்னிடம் வந்தான். “ஹஜ்ரத், எங்க கிளாஸ்ல ஒரு பையனை ரெண்டு பேர் தினமும் அவன் சாதியைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. நான் எதுவும் சொல்லல. எல்லாரும் சிரிச்சப்போ நானும் சிரிச்சேன். அது பாவமா?” என்று கேட்டான்.

அவன் கேட்டதே எனக்குச் சந்தோஷம். கேட்கிற உள்ளம் உயிரோடு இருக்கிற உள்ளம். அவனுக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகாசம் செய்ய வேண்டாம், பரிகசிக்கப்படுகிறவர் பரிகசிப்பவரை விட மேலானவராக இருக்கக்கூடும் என்று சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனத்தில் அல்லாஹ் தடுக்கிறான். பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் அதே வசனத்தில் தடுக்கிறான். தீமையைக் கண்டால் கையால் தடுக்க வேண்டும், முடியாவிட்டால் நாவால், அதுவும் முடியாவிட்டால் உள்ளத்தால் வெறுக்க வேண்டும், அது ஈமானின் மிகப் பலவீனமான நிலை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கடைசிப் படியில் நிற்பவன் மனதுக்குள் வெறுக்கிறான். கூடச் சேர்ந்து சிரித்தவன் அந்தப் படியிலும் இல்லையே!

“பிள்ளைகள் விளையாட்டுக்குப் பேசுவார்கள், இதற்கு ஒரு ஜும்ஆவா?” என்று சிலர் நினைக்கலாம். 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு நாங்குநேரியில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பிளஸ் டூ மாணவன். உடன் படிக்கிறவர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் சில நாள் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தக் காட்சியைக் கண்ட உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அதிர்ச்சியிலேயே இறந்துபோனார். வெட்டியவர்கள் ஊர் ரவுடிகள் அல்ல, மீசை முளைக்காத பள்ளிக்கூடப் பிள்ளைகள்! வெட்டுப்பட்ட பிள்ளை கையால் எழுத முடியாமல், சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, 2024 பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான்.

2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பிளஸ் ஒன் மாணவனை, பஸ்ஸை மறித்து இறக்கி வெட்டினார்கள். அவன் கைவிரல்கள் துண்டாயின.

இது தாமிரபரணிக் கரைச் சங்கதி, நம் கரிசல் காட்டுக்கு வராது என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். 1957இல் முதுகுளத்தூர் கலவரம் நடந்தபோது நம் பரளச்சியும் அதே இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை தந்தார். பிள்ளைகள் கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், சைக்கிளுக்கு அடிக்கிற சாதி நிறம் வரை எழுதி, இவை கூடாது என்று பரிந்துரைத்தார். யோசித்துப் பாருங்கள். சைக்கிளின் நிறத்தைப் பற்றி ஒரு நீதிபதி எழுத வேண்டிய அளவுக்கு நம் பிள்ளைகளின் உலகம் போயிருக்கிறது. ஆனால் கயிற்றை அறுத்தால் மட்டும் போதாது. இப்போது கயிறு செல்போனுக்குள் போய்விட்டது. ஸ்டேட்டஸில், ரீல்ஸில், பஸ்ஸில் சத்தமாக வைக்கிற பாட்டில் இருக்கிறது.

ரசூலுல்லாஹ்வின் காலத்திலேயே இரண்டு இளைஞர்களின் சண்டையால் இப்படி ஒரு நெருப்புப் பற்றப் பார்த்தது. ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்த நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. முஹாஜிர்களில் ஒரு வாலிபர் அன்ஸாரி வாலிபர் ஒருவரைப் பின்புறத்தில் உதைத்துவிட்டார். உதை வாங்கியவர் அன்ஸாரிகளே என்று கூப்பிட்டார். உதைத்தவர் முஹாஜிர்களே என்று கூப்பிட்டார். சத்தம் கேட்டு வந்த நபி (ஸல்) அவர்கள், இது என்ன ஜாஹிலிய்யா காலத்துக் கூப்பாடு, விட்டுவிடுங்கள், இது துர்நாற்றம் வீசுவது என்று கண்டித்தார்கள்.

முஹாஜிர், அன்ஸார் என்பவை கெட்ட பெயர்களா? குர்ஆனே புகழ்கிற பெயர்கள்! அந்தப் பெயரையே நியாயம் பார்க்காமல் ஆள் சேர்க்கப் பயன்படுத்தியவுடன் நாற்றம் என்றார்கள். அப்படியானால் நாம் சேர்க்கிற ஆளுக்கும் கூட்டத்துக்கும் என்ன பெயர்?

அதே நிகழ்ச்சியில்தான், முஸ்லிமில் வரும் அறிவிப்பில், சகோதரன் அநியாயம் செய்தவனானாலும் அநியாயத்துக்கு ஆளானவனானாலும் அவனுக்கு உதவுங்கள் என்றார்கள். அநியாயம் செய்கிறவனுக்கு எப்படி உதவுவது? அவனைத் தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி. பிள்ளைகளே, உங்கள் கூட்டாளி ஒருவனைச் சாதி சொல்லித் திட்டும்போது, “டேய், விடுடா, வா போகலாம்” என்று அவன் கையைப் பிடித்து இழுங்கள். அவனோடு உள்ள நட்பை முறிக்கச் சொல்லவில்லை. அந்த நட்புக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை அது.

சண்டை அதோடு முடிந்திருக்கும். ஆனால் முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை இதைப் பிடித்துக்கொண்டான். மதீனா திரும்பியதும் கண்ணியமானவர்கள் இழிவானவர்களை வெளியேற்றிவிடுவார்கள் என்று பேசினான். பிள்ளைகள் சண்டை போடுவார்கள், அதில் குளிர்காயப் பெரிய மனிதர் ஒருவர் எல்லா ஊரிலும் காத்திருப்பார். இன்றும் அப்படித்தானே?

அந்தப் பேச்சைக் கேட்டவர் ஸைத் இப்னு அர்கம் (ரழி). அப்போது சிறு வயதுக்காரர். தன் சிறிய தந்தையிடம் சொன்னார், செய்தி நபி (ஸல்) அவர்களிடம் போனது. இப்னு உபையை அழைத்து விசாரித்தால், அவனும் அவன் ஆட்களும் அப்படிப் பேசவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். அவர்கள் சொன்னது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஸைத் பொய்யராகிவிட்டார். சொந்தச் சிறிய தந்தையே கடிந்துகொண்டார். அதுவரை இல்லாத கவலையோடு வீட்டுக்குள் முடங்கிப்போனார் அந்தப் பிள்ளை. பிறகு சூரத்துல் முனாஃபிகூன் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பி அழைத்து, அல்லாஹ் உன்னை உண்மைப்படுத்திவிட்டான் என்று அவரிடம் சொன்னார்கள்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பிள்ளை அசிங்கமான பேச்சைக் கேட்டுப் பெரியவர்களிடம் சொல்கிறான். பெரியவர்கள் அவனையே திட்டுகிறார்கள். இது நம் வீட்டில் நடக்கவில்லையா? “உனக்கு ஏன் வம்பு? நம்ம சாதிச் சண்டையா அது? பேசாம படிச்சிட்டு வா.” பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் சொல்கிறோம். பயம் எனக்கும் புரிகிறது, நாங்குநேரியில் அந்தப் பிள்ளை வாய் திறந்த அன்றே வெட்டப்பட்டான். அதனால்தான் பிள்ளையைத் தனியாகப் பேச விடக்கூடாது என்கிறேன். அவன் உங்களிடம் சொல்லட்டும், நீங்கள் தலைமையாசிரியரிடம் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், ஜமாஅத் நிர்வாகிகளைக் கூப்பிடுங்கள், சேர்ந்து போவோம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் எண் 14417. இரண்டையும் இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

“நம்ம பிள்ளைகளையும்தானே பாய் என்று கேலி செய்கிறார்கள், தாடி வைத்த அத்தாவைக் காட்டிக் குண்டு, தீவிரவாதி என்கிறார்கள், அதைப் பேசமாட்டீர்களா?” என்று கேட்பீர்கள். பேசத்தான் வேண்டும். பிள்ளைகளே, அப்படி ஒரு சொல் விழும்போது நெஞ்சில் என்ன செய்கிறது? உன்னைத் தெரியாதவன், உன்னோடு பழகாதவன், நீ பிறந்த வீட்டை வைத்து உன்னை முடிவு செய்துவிட்டான். பக்கத்து பெஞ்சுக்காரன் தினமும் அனுபவிப்பதும் அதேதான். இந்தக் கணக்கை முதலில் போட்டவன் இப்லீஸ். நான் நெருப்பு, அவர் களிமண், நானே மேல் என்று ஆதம் (அலை) அவர்களைப் பிறப்பை வைத்து எடை போட்டான்.

நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தில், நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்திற்கு வந்தார்கள். தீண்டாமை இல்லாத ஒரு ஸஃப் கிடைக்கும் என்று நம்பி வந்தார்கள். ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம், அல்ஹம்து லில்லாஹ். நிக்காஹ் பேச்சு வந்தால்? நேற்று கலிமா சொன்னவரின் பேரனை இன்னும் “புதுசா வந்தவங்க” என்கிற நாக்கு நம்மிடம் இல்லையா? ராவுத்தர், லெப்பை, பட்டாணி என்று நாம் பேசுவதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதானே வளர்கிறான்?

அபூதர் (ரழி) அவர்கள் ஒருவரை அவரது தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். அந்த ஒருவர் பிலால் (ரழி) என்றும், அபூதர் மண்ணில் கன்னத்தை வைத்து மிதிக்கச் சொன்னார் என்றும் பயான்களில் சொல்வோம். புகாரியின் அறிவிப்பில் பிலாலின் பெயரும் இல்லை, கன்னம் வைத்ததும் இல்லை. அதில் இருப்பதே நமக்குப் போதும். உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யா இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் அவரிடம் நேரே சொன்னார்கள். உங்கள் கீழ் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுத்துவதை உடுத்தக் கொடுங்கள் என்றார்கள். பல காலம் கழித்து ரபதாவில் அபூதரைச் சந்தித்த மஃரூர் என்பவர், அவரும் அவருடைய பணியாளரும் ஒரே வகை ஆடை உடுத்தியிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அப்போது அபூதர் தன் தவறைத் தானே சொன்னார். அப்படித்தான் இந்த ஹதீஸ் நம்மிடம் வந்திருக்கிறது.

அந்த ஒன்பதாவது பிள்ளையிடம், “நாளைக்கு அந்தப் பையனோடு உட்கார்ந்து சாப்பிடு, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடு” என்றேன். நேற்று வந்து, “சாப்பிட்டோம் ஹஜ்ரத், அவன் மொதல்ல நம்பல” என்றான்.

யா அல்லாஹ்! நாங்குநேரியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வெட்டுப்பட்ட அந்தப் பிள்ளைகளின் கைகளுக்கு முழு சுகத்தைக் கொடுப்பாயாக! அவர்களின் படிப்பை நிறைவாக்குவாயாக! அரிவாள் எடுத்த பிள்ளைகளின் உள்ளங்களுக்கும் நேர்வழி காட்டுவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.