போவதா, நிற்பதா?

காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் தலைவியைப் பிரிந்து வரமாட்டேன் என்று தன் நெஞ்சிடம் சொல்கிறான் பட்டினப்பாலைத் தலைவன். 301 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் பெரும்பகுதி அந்த ஊரின் வளமும் துறைமுகமும் கரிகாலன் பெருமையும்தான். எதை வேண்டாம் என்கிறோம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அது தெரியாமலே காதலுக்காக வாய்ப்பை விடுகிறவர்கள்தான் பத்து வருடம் கழித்துத் துணையிடம் கணக்குக் கேட்கிறார்கள்.

தொல்காப்பியம் இன்னும் நடைமுறையாகப் பேசுகிறது. கல்விக்காகப் பிரியலாம், மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. புறப்பட்டவன் தயங்கி நிற்பது போகாமலிருக்க அல்ல, அவளைத் தேற்றிவிட்டுப் போகத்தான் என்றும் விளக்குகிறது. (கடற்பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பதும் அதே நூல்தான். இன்று விசாவோடு நிற்பது பல வீடுகளில் அவள்!)

இன்று வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களின் கணக்கைப் பாருங்கள்: முதுகலைப் படிப்பு ஜெர்மனியில் பெரும்பாலும் 2 ஆண்டு, பிரிட்டனில் பெரும்பாலும் 1 ஆண்டு. 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் வழக்கமான முதுகலை படிக்கச் சேர்பவர்கள், கணவன் மனைவியே ஆனாலும், துணையை உடன் அழைத்துப் போக முடியாது. ஆக, பிரிட்டன் என்றால் பிரிவு உறுதி. அதன் நீளமும் ஏறக்குறையத் தெரிந்ததுதான்.

எனவே ‘நானா, வெளிநாடா?’ என்று கேட்காதீர்கள். எந்த மாதம் போவது, எப்போது திரும்புவது, அங்கேயே வேலை கிடைத்தால் மற்றவர் எப்போது வருவது என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சுக்கே வர மறுப்பவருக்காகப் பயணச்சீட்டை ரத்து செய்ய வேண்டாம்.